நாளுக்கு ஒரு ஷத்தோ: லுவார் ஆற்றங்கரையில் முதன்முறை சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டப் போவதாகச் சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்பதுதான். கிலோமீட்டர் அங்கே பெரிய விஷயமே இல்லை. பாதை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போகிறது, ஏற்றம் குறைவு, கார்களும் குறைவு. ஆளைக் கவிழ்ப்பவை ஷத்தோக்கள்.

ஷத்தோ என்ற பிரெஞ்சுச் சொல் கோட்டைக்கும் பொருந்தும், அரண்மனைக்கும் பொருந்தும், பெரிய பண்ணை மாளிகைக்கும் பொருந்தும். லுவார் கரையில் இந்த மூன்றும் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. முதல் பயணத்தில் நான் ஒரே நாளில் மூன்றுக்குத் திட்டம் போட்டேன். முதலாவதை நன்றாகப் பார்த்தேன், இரண்டாவதில் படி ஏறி இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது, மூன்றாவதன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். பிழை என்னுடையதுதான். அடுத்த முறை நாளுக்கு ஒன்றுக்குள் மட்டும் நுழைவது, மற்றதை வெளியில் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கீழே வரும் ஏழு நாள் திட்டம் அந்தக் கணக்கில் போட்டதுதான்.

எந்தப் பகுதி, எந்தத் திசை

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் கரையோடு 'லுவார் ஆ வேலோ' என்ற சைக்கிள் பாதை, நெவேர் நகருக்கு அருகில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரை ஏறக்குறைய 900 கி.மீ. ஓடுகிறது. புதியவர்களுக்கு முழுப் பாதையும் வேண்டாம். சோமூர் நகருக்கும் புளுவா நகருக்கும் இடைப்பட்ட பகுதி போதும். 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலப்பரப்பின் நடுப்பகுதி இது. கிளை வழிகளையும் சேர்த்தால் 240 கி.மீ. போல வரும்.

விளம்பரங்களில் பெரும்பாலும் புளுவாவில் ஆரம்பித்து ஆற்றின் போக்கில் மேற்கே போகச் சொல்வார்கள். ஆறு போகிற பக்கம் இறக்கம்தானே என்று நானும் நம்பிப் போனேன். புளுவாவுக்கும் சோமூருக்கும் இடையே ஆறு இறங்குவது மொத்தமாக ஐம்பது மீட்டரைக்கூடத் தாண்டாது. அந்த இறக்கத்தை உங்கள் தொடைகள் உணரவே உணராது. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வீசும் மேற்குக் காற்று இருக்கிறதே, அதை நன்றாக உணரும். கரைமேட்டின் உச்சியில் மரம் மட்டை இல்லாத இடத்தில் எதிர்க்காற்றில் மிதிப்பது மலை ஏறுவது மாதிரி. அதனால் என் யோசனை: சோமூரில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். பெரும்பாலான நாட்களில் காற்று முதுகைத் தள்ளும். சின்ன ஊர்களில் ஆரம்பித்து ஷாம்போர் அரண்மனையில் போய் முடியும் என்பதும் ஒரு வசதி.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், அறை கிடைப்பது கஷ்டம்.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குத் தங்குமிட விவரமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். ஆக, எந்த இரவு எந்த ஊரில் என்பதை விசாவுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் விபத்துக்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள்.

அறை பிடிக்கும்போது 'அக்கேய் வேலோ' என்ற முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். சைக்கிள்காரர்களை வரவேற்கும் இடம் என்று அர்த்தம். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடம் இருக்கும், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் இருக்கும். ஒரு நாள் மழையில் நனைந்து போய் இறங்கினால்தான் இந்த முத்திரையின் அருமை தெரியும்.

உடற்பயிற்சி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஊரில் இருக்கும்போதே இரண்டு நாள் தொடர்ந்து 30 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் யாராலும் ஓட்டிவிட முடியும். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும்போது முகம் சுளிக்கிறீர்களா என்பதுதான் சோதனை. சுளித்தால் உள்ளே மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், மேலே சாதாரண உடை போட்டுக்கொள்ளலாம்.

சைக்கிளும் சுமையும்

ஊரிலிருந்து சைக்கிளைப் பெட்டி கட்டி விமானத்தில் கொண்டுபோவது முதல் பயணத்துக்குத் தேவையில்லாத தலைவலி. ஒரு நகரில் எடுத்து இன்னொரு நகரில் திருப்பித் தரும் வாடகைக் கடைகள் லுவார் கரையில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே சோமூரில் எடுத்து புளுவாவில் விடலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பந்தயத்துக்கான மெல்லிய டயர் சைக்கிள் வேண்டாம். பாதையில் தார் ரோடும் உண்டு, இறுக்கிய சரளை மண்ணும் உண்டு. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் தொங்கும் பைகள், நேரான ஹாண்டில்பார் போதும்.

வண்டியைக் கையில் வாங்கியதும் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சீட் உயரம், இரண்டு பிரேக், எல்லா கியரும், பெல், முன் விளக்கு, பின் விளக்கு. அப்புறம் ட்யூபின் வால்வைப் பாருங்கள். ஐரோப்பிய சைக்கிள்களில் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு அதிகம். அதன் நுனியில் இருக்கும் குட்டித் திருகைத் தளர்த்திய பிறகுதான் காற்று உள்ளே போகும். இது தெரியாமல் நான் கால் மணி நேரம் பம்ப் அடித்து வியர்த்து நின்றேன். கடைசியில் நாயோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் இரண்டு விரலால் அதைத் திருகிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மாற்று ட்யூப், பம்ப், டயர் கழற்றும் நெம்பி ஆகிய மூன்றும் பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

துணி மூன்று செட் போதும். ஒன்று உடலில், ஒன்று பையில், ஒன்று காய்ந்துகொண்டு. மழைச் சட்டை கட்டாயம்.

ரயில்

பாரிஸிலிருந்து சோமூருக்குப் போக மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறி, ஆன்ஜே நகரிலோ தூர் நகருக்குப் பக்கத்திலுள்ள சேன்-பியேர்-தெ-கோர் நிலையத்திலோ வட்டார ரயிலுக்கு மாறலாம். வாடகைச் சைக்கிள் என்றால் கையை வீசிக்கொண்டு போகலாம். சொந்தச் சைக்கிள் என்றால் அதிவேக ரயிலில் அதற்கும் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் உறைக்குள் அடக்க வேண்டும். வட்டார ரயில்கள் தாராளம். கோடையில் சில ரயில்களில் சைக்கிளுக்கென்றே பெரிய இடம் ஒதுக்குவார்கள். ஏறும் முன் பக்கப் பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பையோடு தூக்கிக் கொக்கியில் மாட்ட முயன்றால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

பாரிஸில் விமானம் இறங்கி கார் து நோர் ரயில் நிலையம் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்திலேயே லா ஷப்பல். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். ஒரு சின்ன ஊறுகாய்ப் புட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான்காம் நாள் பாகெத் ரொட்டியோடு அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாலையில்

வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு. நேராகப் போகும்போது இது மறக்காது. காலையில் முதல் மிதியிலும், இடப்பக்கம் திரும்பும்போதும்தான் மூளை பழைய பழக்கத்துக்குப் போகும். அந்த இரண்டு நேரத்திலும் வாய்விட்டு "வலது, வலது" என்று சொல்லிக்கொள்வேன். யாருக்கும் புரியாது, அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

இதைவிட ஆபத்தான விதி ஒன்று உண்டு. வேறு பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. ஊருக்குள் ஏதோ ஒரு சந்திலிருந்து கார் நிற்காமல் திரும்பினால் அவர் மேல் தப்பு இல்லை. கிராமத்துக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்து வலது பக்கச் சந்துகளைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

பெல்லும் விளக்கும் சட்டப்படி இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே இருட்டிலோ மங்கலான வெளிச்சத்திலோ ஓட்டினால் ஒளி தெறிக்கும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. இது ஒயின் விளையும் நாடு என்பதால் இன்னொன்று: மது அளவுக்கான சட்டம் சைக்கிள்காரருக்கும் உண்டு. 'சோஃப் வேலோ' என்ற பலகை தடைக்குறியின் கீழே இருந்தால் "சைக்கிள் நீங்கலாக" என்று பொருள், நீங்கள் போகலாம். அவசரத்துக்கு 112.

ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கும். மணல் திட்டு, ஆழமில்லாத தண்ணீர், கொக்கு. இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும். இறங்காதீர்கள். மணல் காலடியில் நழுவும், நீரோட்டம் மேலே தெரியாது.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை உணவகம் திறந்திருக்கும், மற்ற கடைகள் மூடியிருக்கும். இரண்டரைக்குப் போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கட்கிழமையும் சின்ன ஊர்களில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதனால் காலையிலேயே ரொட்டிக் கடையில் பாகெத், பக்கத்தில் பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். சைவர்களுக்கு இந்தப் பகுதியில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிதான் துணை. சேன்ட்-மோர் என்ற வகை உருளையாக இருக்கும், நடுவில் ஒரு வைக்கோல் குச்சி ஓடும். வைக்கோலை எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும், நான் முதல் முறை எடுக்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்லிவிட்டுத்தான் மற்றது. சொல்லாமல் கேட்டால் பதில் வரும், ஆனால் முகம் வராது.

தண்ணீருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். சைக்கிள்காரர்கள் அங்கே புட்டி நிரப்புவது வழக்கம். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது, தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஏழு நாள்

முந்தின இரவே சோமூர் வந்து தங்கிவிடுங்கள். இங்குள்ள வீடுகள், கோயில்கள், ஷத்தோ எல்லாம் துஃபோ என்ற மென்மையான வெண்ணிறச் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை வெட்டி எடுத்த குகைகள்தான் இன்று ஒயின் நிலவறைகள், காளான் பண்ணைகள், சில இடங்களில் வீடுகள், உணவகங்கள். குகை உணவகத்தில் ஃபுவே என்று ஒன்று கேளுங்கள். விறகு அடுப்பில் பூரி போல உப்பி வரும் சிறு ரொட்டி. உள்ளே வெள்ளைப் பீன்ஸோ ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோ வைத்துத் தருவார்கள். இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் ஷினோன் வரை, 40 கி.மீ. சூஸே என்ற ஊரில் பாதை பாறையைக் குடைந்த வழிக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது. இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். மோன்சொரோவிலிருந்து ஃபோன்தெவ்ரோ மடத்துக்குக் கிளை பிரியும் இடத்தில் இந்தப் பயணத்தின் ஒழுங்கான ஏற்றங்களில் ஒன்று வரும். ஆனால் மடத்தைத் தவற விடக் கூடாது. 1101-ல் தொடங்கிய மடம். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் சேர்ந்து வாழ்ந்த அந்த இடத்துக்குத் தலைமை ஒரு பெண்ணுடையது. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி அலியனோர், மகன் சிங்க இதயன் ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைச் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. கணவர் கண்மூடிக் கிடக்க, அலியனோர் படுத்தபடி புத்தகம் விரித்து வைத்திருக்கிறார். பிற்பாடு நெப்போலியன் காலத்தில் இதைச் சிறையாக்கினார்கள். 1963 வரை சிறைதான். அன்றைக்கு உள்ளே நுழையும் இடமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இறங்கி வந்து, வியென் ஆறு லுவாரில் கலக்கும் காந்த்-சேன்-மர்த்தேன் ஊரின் மேட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, வியென் கரையோடு ஷினோனுக்கு.

இரண்டாம் நாள் 30 கி.மீ. காலையில் ஷினோன் கோட்டை. அந்த ஹென்றி 1189-ல் உயிர்விட்டது இங்கேதான். 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க், பட்டம் சூடாத பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸைத் தேடி வந்து சந்தித்ததும் இங்கேதான். கோட்டைக்குள் இப்போது பாதிக்கு மேல் சுவர்களே. ஆனாலும் மேலிருந்து ஆற்றையும் ஓட்டுக்கூரைகளையும் பார்க்கிறபோது ஏன் எல்லோரும் இந்த மேட்டுக்கு அடித்துக்கொண்டார்கள் என்று புரிந்துவிடும். போகும் வழியில் தூரத்தில் புகைமேகம் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். அது அணுமின் நிலையத்தின் நீராவி. பிரான்சின் மின்வாரியம் தன் முதல் அணு உலையை 1963-ல் இயக்கியது அந்த இடத்தில்தான். உஸ்ஸே ஷத்தோவைப் பாலத்திலிருந்து பார்த்தால் போதும். இரவு அஸே-லெ-ரிதோ.

மூன்றாம் நாள் தூர் வரை 30 கி.மீ. அஸே ஷத்தோ ஆந்த்ரு ஆற்றின் தீவில் நிற்கிறது, 1518-ல் தொடங்கிய கட்டடம். வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வில்லாந்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே கட்டடத்தைவிடத் தோட்டமே முக்கியம். 1906-ல் வாங்கிய ஹோவாகீன் கர்வாயோ என்ற ஸ்பானிய மருத்துவர் பழைய முறையில் மீட்டெடுத்த தோட்டம். ஒன்பது சதுரங்களில் காய்கறிகளையே கோலம் மாதிரி நட்டிருக்கிறார்கள். நீல முட்டைக்கோஸ், சிவப்புக் கீரை, பரங்கி. தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு, விலையும் குறைவு. அதை வாங்குங்கள். மேல்தளத்திலிருந்து ஒரு முறை, கீழே நடந்து ஒரு முறை பாருங்கள். பிறகு ஷெர் ஆற்றோரமாகத் தூர் நகருக்குள் நுழையலாம். பெரிய நகரம், துணி துவைக்க, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட வசதி.

நான்காம் நாள் அம்புவாஸ், 28 கி.மீ., எளிது. லியொனார்தோ தா வின்சி 1516-ல் மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பில் வந்து, 1519 மே 2-ல் இறந்த குளோ லூசே வீடு இங்கே. அவர் கல்லறை அரச ஷத்தோவின் சிற்றாலயத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் வீட்டைத் தேர்ந்தெடுப்பேன். அரச ஷத்தோவில்தான் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸ் 1498-ல் தாழ்வான வாசல் நிலையில் தலை இடித்து இறந்துபோனார். ஹெல்மெட் போடச் சோம்பல்படும் நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

ஐந்தாம் நாள் பைகளை அம்புவாஸ் அறையிலேயே விட்டுவிட்டு, காட்டு வழியாக ஷெனோன்சோ போய்த் திரும்புவது, 30 கி.மீ. நகரை விட்டு வெளியேறும்போது ஓர் ஏற்றம். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். ஷெர் ஆற்றின் மேல் பாலமாகவே நிற்கும் ஷத்தோ இது. இரண்டாம் ஹென்றி, அந்த இங்கிலாந்துக்காரர் அல்ல, பிரான்ஸ் மன்னர், இதைத் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். தியான்தான் பாலம் கட்டினார். 1559-ல் மன்னர் இறந்ததும் அரசி கத்தரீன் தெ மெடிசி, காதலியை வெளியேற்றி, பதிலுக்கு ஷோமோன் ஷத்தோவைக் கொடுத்துவிட்டு, பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். இரண்டாம் உலகப் போரில் ஷெர் ஆறுதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லை. முன்வாசல் ஜெர்மானியர் பக்கம், கூடத்தின் தென்கதவு மற்றப் பக்கம். அந்தக் கதவு வழியாகத் தப்பியவர்கள் உண்டு. கூடத்தில் நடக்கும்போது தரையைப் பார்க்காமல் அந்தக் கதவைப் பார்த்தபடி நடந்துபாருங்கள்.

ஆறாம் நாள் புளுவா, 40 கி.மீ. வழியில் கத்தரீன் கைமாற்றிக் கொடுத்த அந்த ஷோமோன். 1992 முதல் ஆண்டுதோறும் தோட்டத் திருவிழா நடக்கிறது. மேட்டின் மேல் இருக்கிறது, கீழிருந்து பார்ப்பதே அழகு. புளுவா ஷத்தோவை மாலைக்கு வையுங்கள். 1588 டிசம்பர் 23 அன்று பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி, தன் எதிரி கீஸ் பிரபுவை அரண்மனைக்கு வரவழைத்து, மெய்க்காவலர்களைக் கொண்டு குத்திக் கொன்ற தளம் உள்ளே இருக்கிறது.

ஏழாம் நாள் ஷாம்போர் போய்த் திரும்ப 38 கி.மீ. போல. காட்டைச் சுற்றி 32 கி.மீ. மதில். உள்ளே இருப்பது பாரிஸ் நகரளவு நிலம். மதில் வாசலுக்குள் நுழைந்த பிறகும் நேர்ச்சாலையில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், திடீரென்று மரங்களுக்கு மேலே கூரைக் கோபுரங்கள் எழும். லியொனார்தோ இறந்த அதே 1519-ல் தொடங்கிய கட்டடம். நடுவில் உள்ள இரட்டைச் சுழல் படிக்கட்டில் அவர் யோசனை இருந்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டு பேர் போனால் ஆளுக்கொரு படியில் ஏறுங்கள். சாளரங்கள் வழியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள், உச்சி வரை சந்திக்க மாட்டீர்கள். கூரைமேல் ஏற மறக்காதீர்கள், மேலே புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரே இருக்கிறது. கட்டிய பிரான்சுவா தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கே தங்கியது மொத்தம் 72 நாள்.

மாலை நான்கு மணிக்குள் கிளம்பினால் புளுவா கடையில் சைக்கிளை ஒப்படைக்க நேரம் இருக்கும். அங்கிருந்து பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்துக்கு நேரடி ரயில், இரண்டு மணி நேரத்துக்குள். சைக்கிளைத் திருப்பித் தரும் முன் பக்கப் பைகளின் அடிவரை ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள். என் ஊறுகாய்ப் புட்டியின் மூடி ஒன்று இன்னும் அந்த ஊரில் எங்கோதான் இருக்கிறது.